ஈப்போவில் பிறந்தவர், தேயிலைத் தோட்டத்துக்காகப் பேசியவர்: நாடு கடந்து வாழும் தந்தை செல்வாவின் தாள்கள்

பேராக்கிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதைகள் இரண்டு. ஒன்று தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதை. மற்றொன்று ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் புதிய பாதை. எந்த வழியில் போனாலும் மேலே காத்திருப்பது தேயிலைதான். அந்தச் சரிவுகளில் காட்டை வெட்டி, குழி தோண்டி, செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் தமிழர்களின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அந்த மலையின் அடிவாரத்து நகரமான ஈப்போவில் 1898 மார்ச் 31ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் இலங்கைத் தமிழர்கள் 'தந்தை செல்வா' என்று அழைத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம்தான் அந்தக் குழந்தை. அவருடைய கடிதங்களும் அரசியல் ஆவணங்களும் இன்று இருப்பது ஈப்போவிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. கனடாவில், டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்புரோ வளாக நூலகத்தில் இருக்கின்றன.

ஒரு தலைவர் பேராக்கில் பிறக்கிறார், யாழ்ப்பாணத்தில் வளர்கிறார், கொழும்பில் அரசியல் செய்கிறார். அவர் எழுதியதும் அவருக்கு எழுதப்பட்டதும் கடைசியில் பனி பெய்யும் நாட்டில் அடைக்கலம் புகுகின்றன. இதற்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். தொடர்பு இருக்கிறது. அவருடைய அரசியல் வாழ்க்கையின் திருப்புமுனையே தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடியுரிமைதான்.

இரண்டு மலைகள், ஒரே கதை

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். காப்பி நோயில் அழிந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மலையகம் என்ற தமிழ் உலகம் பிறந்தது.

கேமரன் மலையின் கதை பிந்தியது. வில்லியம் கேமரன் 1885இல் அந்தப் பகுதியை அளந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்குத் துணை நின்ற ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலைத் தொழிலில் ஊறிய தோட்டக்காரர். ஆக, கேமரன் மலையின் தேயிலைக்கு இலங்கை மலையகம் மூத்த அக்காள் என்றால் அது மிகையாகாது. தொழில் நுணுக்கம் அங்கிருந்து வந்தது. உழைத்த கைகள் இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் ஒரே தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தன.

இரண்டு மலைகளிலும் லயம் இருந்தது, பெரட்டு இருந்தது, கங்காணி இருந்தார், துரை இருந்தார். இரண்டு இடங்களிலும் தொழிலாளியின் வாழ்க்கையைத் தீர்மானித்தது ஒரு துண்டுத் தாள். இலங்கையில் அதற்குப் பெயரே 'துண்டு'. தொழிலாளியின் கடனைக் கட்டினால் அவரை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடனோடு சேர்ந்து மனிதனும் கைமாறினான். அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. சீட்டு ஒழிந்தாலும், தாளைக் காட்டினால்தான் மனிதன் என்ற நிலை ஒழியவில்லை என்பதைப் பிறகு வந்த சட்டங்கள் காட்டின.

1948 பிப்ரவரி மாதத்தைப் பாருங்கள். பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு அமைந்தது. மூன்றே நாளில், பிப்ரவரி 4ஆம் நாள், இலங்கை சுதந்திரம் அடைந்தது. இரண்டு நாடுகளும் ஒரே கேள்வியைக் கேட்டன: தோட்டத்தில் உழைக்கும் இந்தத் தமிழன் இந்த நாட்டவனா?

மலாயாவில் அந்த ஆண்டின் குடியுரிமை விதிகள் பிறப்பு, பெற்றோரின் பிறப்பு, நீண்ட காலக் குடியிருப்பு என்று பல படிகளை வைத்தன. பலருக்கு அந்தப் படிகள் எட்டவில்லை. மலாயா இந்தியர் காங்கிரசும் இடம்பெற்றிருந்த கூட்டணி அந்த ஏற்பாட்டை எதிர்த்து, 1947 அக்டோபர் 20இல் நாடு தழுவிய கடையடைப்பு நடத்தியது. 1957இல் மெர்டேக்கா வந்தபோது விதிகள் தளர்ந்தன. அதன் பிறகு 1962 வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பே உரிமையாக இருந்தது.

இலங்கை வேறு திசையில் போனது. அங்கேதான் ஈப்போவில் பிறந்த மனிதர் எழுந்து நின்றார்.

ஈப்போவிலிருந்து தெல்லிப்பழைக்கு

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் தோட்டத்தில் வெட்டும் கொத்தும் பிடிக்க வந்தவர்கள் அல்லர். ஆங்கிலம் படித்துவிட்டு ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேலைக்கு வந்தவர்கள். செல்வநாயகத்தின் தந்தை ஜேம்ஸ் விசுவநாதன் வேலுப்பிள்ளையும் பிழைப்புத் தேடி மலாயா வந்தவர். தாயார் ஹரியட் அன்னம்மா. குழந்தைக்கு நான்கு வயதானபோது தாயார் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பினார்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, பிறகு கொழும்பு பரி. தோமையர் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. அதே தோமையர் கல்லூரியில் படித்த இன்னொருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. பின்னாளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை வெளிநிலை மாணவராகப் பெற்றார். சில காலம் ஆசிரியர் பணி. பிறகு சட்டம். சிவில் வழக்குகளில் கொழும்பில் பெயர் பெற்ற வழக்கறிஞரானார். மெல்லிய குரல், குறைந்த பேச்சு, மேடையை அதிரவைக்கும் திறமை எதுவும் இல்லாதவர். ஜி. ஜி. பொன்னம்பலம் 1944இல் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசில் இணைந்தார். 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார்.

பாட்டன் எங்கே பிறந்தார்?

1946 குடிமதிப்பின்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். வடக்கு, கிழக்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதாவது மலையகத் தமிழர்களே எண்ணிக்கையில் கூடுதல். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டைமான் உள்ளிட்ட தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் அவர்களுடைய வாக்கு கைகொடுத்தது.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் சூத்திரத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகன் ஆக வேண்டுமானால், அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவருக்கும் வழி உண்டு. அவருடைய தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் குடிமகன்.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். செல்வநாயகம் பிறந்தது மலாயாவில், ஈப்போவில். ஆனால் முன்னோர் யாழ்ப்பாணத்தவர் என்பதால் அவருடைய குடியுரிமைக்கு எந்தக் குறையும் வரவில்லை. அட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, வேறு ஊரையே பார்த்திராத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணோ தந்தையின் பிறப்புப் பத்திரம் இல்லாததால் நாடற்றவள் ஆனாள். மண்ணில் பிறந்தவருக்கு மண் இல்லை, கடல் கடந்து பிறந்தவருக்கு உண்டு. சட்டம் பார்த்தது மனிதன் பிறந்த இடத்தை அல்ல, அவனுடைய பாட்டன் பிறந்த இடத்தை.

இந்த வசதியான நிலையில் இருந்த ஒருவர் பேசாமல் இருந்திருக்கலாம். காங்கேசன்துறையில் தேயிலைத் தொழிலாளர்களின் வாக்கு கிடையாது. அவர்களுக்காகப் பேசினால் லாபம் இல்லை, நட்டமே உண்டு. பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் மசோதா வந்தபோது அதை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். கட்சி உடைந்தது.

அவருடைய வாதம் எளிமையானது. இன்று அடி விழுவது தோட்டத் தமிழன் மீது. நாளை மொழிப் பிரச்சினை வரும்போது அதே கை மற்றத் தமிழர்கள் மீதும் ஓங்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். எட்டே ஆண்டுகளில், 1956இல், சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. எம். வி. நாகநாதன் ஆகியோர் துணை நின்றார்கள். கூட்டாட்சிக் கோரிக்கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமையும் அந்தக் கட்சியின் அடிப்படைக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. 1952 தேர்தலில் செல்வநாயகம் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956இல்தான் மக்கள் அவரைத் திரும்ப அனுப்பினார்கள்.

இதற்கிடையே மலையகத்தில் என்ன நடந்தது? இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ், தொடர்ந்து குடியிருந்ததை நிரூபித்தால் குடியுரிமை கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1964க்குள் ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தான். ஆறில் ஒருவர்! மற்றவர்களிடம் உழைப்பு இருந்தது, தாள் இல்லை.

எழுதியதும் கைவிட்டதும்

செல்வநாயகத்தின் அரசியலைத் தாள்களின் கதையாகவே சொல்லிவிடலாம். 1957 ஜூலை 26ஆம் நாள் பழைய தோமையர் கல்லூரி மாணவர்கள் இருவரும் உடன்பாடு கண்டார்கள். பண்டா - செல்வா ஒப்பந்தம் என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. பிரதேச சபைகளுக்கு அதிகாரம், குடியேற்றத் திட்டங்களில் அந்தச் சபைகளுக்குப் பங்கு, தமிழுக்குத் தேசியச் சிறுபான்மை மொழி என்ற ஏற்பு ஆகியவை அதில் இருந்தன. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தும் கோரிக்கையையும் செல்வநாயகம் மேசையில் வைத்தார். அது விரைவில் கவனிக்கப்படும் என்று பிரதமர் சொன்னதாக அந்த அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. தேயிலைத் தொழிலாளியை அவர் அங்கேயும் மறக்கவில்லை.

1958 ஏப்ரல் 9ஆம் நாள் புத்த பிக்குகள் பண்டாரநாயக்கவின் இல்லத்தின் முன் அமர்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக வாயால் சொன்னால் போதாது, எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். எழுதித் தரப்பட்டது. ஒரு தாள் இன்னொரு தாளை விழுங்கியது. அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது.

1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கவுடன் இன்னோர் ஒப்பந்தம். மாவட்ட சபைகள் அமைப்பதாக வாக்களித்த அதுவும் நிறைவேறவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை இரண்டு அரசுகள் பங்கு போட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மிச்சம் உள்ள 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். சந்தையில் சரக்கைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. தமிழரசுக் கட்சி இதை எதிர்த்தது. ஆனாலும் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. வந்தவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடையைத் தூக்கினார்கள். மலை மாறியது, கூடை மாறவில்லை.

பிரிந்த பாதை

வரலாற்றைப் புகழுரையாக மட்டும் படிப்பது அந்த மனிதருக்கும் செய்யும் நியாயம் அல்ல. செல்வநாயகத்தின் கடைசிப் பாதையில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு.

1972இல் புதிய குடியரசு யாப்பு வந்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார் செல்வநாயகம். முடிந்தால் இடைத்தேர்தல் வையுங்கள், மக்கள் யார் பக்கம் என்று பார்க்கலாம் என்றார். அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பிப்ரவரி 6இல் நடத்தியது. பார்க்கின்சன் நோயால் உடல் தளர்ந்து, குரலும் எழாத நிலையில் இருந்த முதியவர் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி நாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பழைய போட்டியாளர் பொன்னம்பலமும் மலையகத் தலைவர் தொண்டைமானும் ஒன்றுசேர்ந்து வந்த அணி அது.

ஆனால் தனி நாட்டுக் கோரிக்கையோடு தொண்டைமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உடன்படவில்லை. அவர்களுடைய மக்கள் வாழ்வது நாட்டின் நடுவே, சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைகளில். வடக்கிலும் கிழக்கிலும் அமையக்கூடிய நாடு நுவரெலியாவின் லயத்துக்கு எப்படி உதவும்? எந்த மக்களுக்காகத் தம் கட்சியையே செல்வநாயகம் உடைத்தாரோ, அந்த மக்களால் அவருடைய கடைசிக் கோரிக்கையோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. இதில் யார் மீதும் பழி சொல்ல இடமில்லை. இரண்டு ஒப்பந்தங்கள் கைவிடப்பட்ட பிறகு ஒருவர் எடுத்த முடிவு ஒன்று. நாடற்றவர் என்ற முத்திரையோடு வாழ்ந்தவர்கள் எடுத்த முடிவு மற்றொன்று.

1977 ஏப்ரல் 26ஆம் நாள், 79ஆம் வயதில், செல்வநாயகம் காலமானார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு எழுப்பிய நினைவுத் தூண் உயர்ந்து நிற்கிறது. மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினை 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாகத் தீர்ந்தது. ஒரு கோணல் சூத்திரத்தை நிமிர்த்த 55 ஆண்டுகள் பிடித்தன.

நாடு கடந்த தாள்கள்

அந்த நினைவுத் தூணுக்கு அருகில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. செல்வநாயகம் மறைந்த நான்கே ஆண்டுகளில், 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்களும் பழைய ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. வீடு எரிந்தபோது பெட்டிகளும் எரிந்தன. பிறப்புப் பத்திரம், பட்டச் சான்று, கல்யாணப் புகைப்படம், தந்தையின் கடிதம் எல்லாம் போயின.

இந்தச் சூழலில் ஒரு தலைவரின் தாள்கள் பிழைத்திருக்க வேண்டுமானால் அவை நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. குடும்பமும் அப்படித்தான் சிதறியது. மகன் சந்திரகாசன் 1983க்குப் பின் சென்னையில் அகதியாக வாழ்ந்து, ஈழ அகதிகளின் மறுவாழ்வுக்காக ஓர் அமைப்பை நடத்தினார். 1985 ஆகஸ்டில் இந்திய அரசு அவரை நாடு கடத்தியது. விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் அங்கே அடைக்கலம் கேட்க மறுத்து, மறுபடியும் இந்தியாவுக்கே திரும்பினார். நாடு இழந்தவரை இன்னொரு முறை நாடு கடத்திய விந்தை அது.

மருமகன் ஏ. ஜே. வில்சன், பேராதனையில் அரசியல் துறைப் பேராசிரியராக இருந்து, 1970களில் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். மாமனாரின் அரசியல் வாழ்க்கையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1994இல் வெளிவந்தது. ஜெயவர்த்தனவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையே தூது நடந்தவரும் அவரே. உள்ளே இருந்து பார்த்த ஒருவர் வெளியே இருந்து எழுதிய நூல் என்பதே அதன் பலம். குடும்பத்தவர் எழுதியது என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். அதனால்தான் மூலத் தாள்கள் முக்கியமாகின்றன. நூல் ஒருவரின் தீர்ப்பு. தாள்கள் எல்லாருக்கும் பொதுவான சாட்சி.

இப்படி நாடு கடந்த தாள்கள் தமிழருக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. பால்டிக் கடலோரத்து லாட்வியாவை 1940இல் சோவியத் ஒன்றியம் இணைத்துக்கொண்டபோது, லண்டனில் இருந்த தூதர் கார்லிஸ் சரின்ஷ் நாடு திரும்பவில்லை. 1963இல் இறக்கும் வரை, இல்லாமற்போன ஒரு நாட்டின் தூதராகவே வாழ்ந்தார். வாஷிங்டனில் இருந்த லாட்வியத் தூதரகமும் மூடப்படவில்லை. 1991இல் லாட்வியா மீண்டும் சுதந்திர நாடானபோது, அந்த நாடு சட்டப்படி ஒருநாளும் மறையவில்லை என்று சொல்ல அந்த அரை நூற்றாண்டு விடாப்பிடி உதவியது.

செல்வநாயகத்தின் தாள்கள் இன்று ஸ்கார்புரோவில் பாதுகாப்பாக இருக்கின்றன. தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதி அது. அந்த வளாகத்தில் தமிழ் ஆய்வுக்கான இருக்கைக்கு மக்களே நிதி திரட்டினார்கள். ஆவணக் காப்பகம் என்றால் பூட்டிவைக்கும் அறை மட்டும் அல்ல. தாள்கள் வந்த வரிசை குலையாமல் பட்டியலிடுவார்கள். அமிலம் கலவாத உறைகளில் வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் அளவு மீறாமல் பார்ப்பார்கள்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. தெல்லிப்பழை மாணவரோ அட்டன் மாணவரோ அந்த மூலத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் விசா வாங்க வேண்டும். மின்வடிவில் ஏற்றுவதுதான் இதற்கு மருந்து. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் திட்டம் அந்த வழியைக் காட்டியிருக்கிறது.

தகரப் பெட்டியில் இருப்பது

மீண்டும் கேமரன் மலைக்கு வருவோம். அங்கே இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். இயந்திரங்களும் வந்துவிட்டன. நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து மலை இறங்கிவிட்டார்கள். லயத்தில் இருந்த முதியவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மலேசியத் தமிழருக்கும் தாளின் வலி தெரியாதது அல்ல. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. 1969, 1970 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த முதியவர்கள் எத்தனையோ பேர். பிறப்புப் பதிவு இல்லாத இந்திய வம்சாவளியினரைப் பதிவு செய்ய 2011இல் அரசே மைடஃப்தார் என்ற இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது.

அந்தப் பதிவு முகாம்களில் கேட்கப்பட்டது என்ன? பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணச் சான்று, பள்ளிச் சான்று. 1948இல் இலங்கை மலையகத்தில் கேட்ட அதே கேள்விகள்தாம். அப்பா எங்கே பிறந்தார்? அதற்குத் தாள் எங்கே?

ஒரு தலைவரின் தாள்களைக் காக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பாட்டியின் தாளை யார் காப்பது? தோட்டம் கைமாறும்போது செக்ரோல் புத்தகங்கள் குப்பைக்குப் போகின்றன. தமிழ்ப்பள்ளி இடம் மாறும்போது பழைய வருகைப் பதிவேடுகள் காணாமற்போகின்றன. கோயில் திருப்பணியின்போது பழைய நன்கொடை நோட்டுகள் எரிக்கப்படுகின்றன. இவற்றில்தான் யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்ற சாட்சி இருந்தது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. வீட்டில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பாட்டனின் கப்பல் சீட்டு, சம்பளச் சீட்டு, சிவப்பு அட்டை, இந்தியாவிலிருந்து வந்த கடிதம் எது கிடைத்தாலும் அதை ஈரம் படாத உறையில் வைக்கலாம். தெளிவாகப் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதிவைக்கலாம். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களைக் குறிக்கலாம். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பெரியவர் இன்னும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒரு படியைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாம். பழைய பதிவேடு முழுதாகக் கிடைத்தால் தேசிய ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

அட்டனின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காகப் பேச 1948இல் கொழும்பில் ஈப்போவில் பிறந்த ஒரு வழக்கறிஞர் இருந்தார். தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வரவில்லை, ஏனென்றால் அவள் கையில் தாள் இல்லை. அந்த வழக்கறிஞரின் தாள்கள் டொரொண்டோவில் இருக்கின்றன. கேமரன் மலையில் தேயிலை நட்டவரின் தாள் ஏதோ ஒரு வீட்டுப் பரணில், கறையான் அரிப்பதற்கு முன் யாராவது எடுப்பார்களா என்று காத்திருக்கிறது.